கோயில்பிள்ளையின் இரண்டாவது சாவு

எவரிஸ்தோவுக்குக் கண் மங்கிவிட்டது என்பது வால்தெரோமெரோ ஊரில் அவர் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். மருந்துக்கடை வாசலில் வெயில் களிம்பு விளம்பரத்துக்காக ஓர் அட்டைப் பெண்ணை நிறுத்தி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றி, "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். வீட்டுக்கு வந்து, "மருந்துக்கடையில நிக்கிற பொண்ணுக்குத் திமிர் ஜாஸ்தி. ஒரு நாளாவது வாயத் திறந்து பதில் சொல்லுதா பாரு" என்று குறைப்பட்டுக்கொள்வார். அவர் மனைவி கசில்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு பூண்டு உரிப்பாள்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த மனிதர் கையில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் இருந்தது. அதை நினைத்தால்தான் கசில்தாவுக்குச் சிரிப்பு நின்றுவிடும்.

ஜனவரி பாதியில் தொடங்கி ஆறு வாரத்துக்கு அந்த மலையடிவாரத்து ஆம்பிளைகளுக்குப் பெண்டாட்டி, பிள்ளை, ஆலிவ் மரம் எதுவும் நினைவிருக்காது. கூண்டில் வளர்த்த ஆண் கவுதாரியை முதுகில் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். புதர்க்கொம்புகளால் கட்டிய மேடைமேல் கூண்டை வைத்து, மூடியிருக்கிற துணியை விலக்கிவிட்டு, இருபது தப்படி தள்ளி, கல் அடுக்கிய மறைவுக்குள் இருமல்கூட இல்லாமல் உட்காருவார்கள். கூண்டுக்குள் இருக்கிற கவுதாரிக்குக் கூண்டுக்காரன் என்று பேர். அவன் பாடுவான். என் எல்லைக்குள் வந்து பாடுகிறவன் எவன்டா என்று காட்டில் திரிகிற கவுதாரிச் சேவல் சண்டைக்கு வரும். வந்ததைச் சுடுவார்கள். விழுந்தவனுக்காகக் கூண்டுக்காரன் தணிந்த குரலில் ஓர் அடக்கப் பாட்டும் பாட வேண்டும். அதுவரைக்கும் பாடுகிற பறவையைத்தான் மதுக்கடையில் பெயர் சொல்லிப் பேசுவார்கள்.

சுட்டவன் குறி தவறினால் மானம் போவது சுட்டவனுக்கு இல்லை, கூண்டுக்காரனுக்கு. கூப்பிட்டதும் வந்தவன் விழவில்லை என்றால் பறவைக்கு நம்பிக்கை விட்டுப்போகும். நாலைந்து தடவை இப்படி ஆனால் வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் ராஜாவே வந்து கேட்டாலும் பாடாது.

எவரிஸ்தோவின் கவுதாரிக்குப் பெயர் பிஷப். சிவந்த மூக்கு, சிவந்த கால், கழுத்தில் கறுப்பு மணிமாலை, ஒரு சாண் அகலக் கூண்டுக்குள்ளும் ஒரு பெரிய மனுஷ நடை. அவனுக்கு முன்னால் இருந்தவன் கோயில்பிள்ளை. அவன் வயதாகிச் செத்தபோது மனசு கேட்காமல், மரத்தூள் அடைத்துப் பாடம் பண்ணி, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் அலமாரிமேல் நிறுத்தி வைத்தார்கள். ஒரு கண்ணாடிக் கண் எப்போதோ விழுந்துவிட்டது. மீதி ஒரு கண்ணோடு கோயில்பிள்ளை எல்லா நிகழ்ச்சிகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிஷப்பை ஊருக்குக் காட்டியது எவரிஸ்தோ, வளர்த்தது கசில்தா. கருவாலிக்கொட்டையை உடைத்துப் போடுவது, இளம் கீரை கிள்ளி வைப்பது, குளிரில் கூண்டுக்குக் கம்பளி போர்த்துவது எல்லாம் அவள். பாத்திரம் கழுவும்போது அவள் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "கச்... கச்... கச்சகச்ச கச்" என்று வம்புக்கு இழுப்பாள். பிஷப் மார்பை நிமிர்த்திக்கொண்டு பதில் கொடுப்பான். எட்டு வருஷமாக அடுக்களையில் இந்தச் சண்டை நடந்தது. மேஜைக்கடியில் குளிருக்கு வைத்த கனல்சட்டிக்குக் காலை நீட்டியபடி எவரிஸ்தோ, "ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா?" என்பார்.

அந்த ஜனவரியில் பிஷப் பாட்டை நிறுத்திவிட்டான்.

கூண்டைக் கழுவும்போது கீழ்ச்சட்டத்தில் என்னமோ புதைந்திருப்பதைக் கசில்தா பார்த்தாள். கத்தி முனையால் நெம்பி எடுத்தாள். துப்பாக்கியின் ஈய ரவை. பிஷப் நிற்கிற இடத்துக்கு இரண்டு விரல் கீழே பாய்ந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு புருஷனிடம் போனாள்.

"யோவ், இது என்னன்னு சொல்லு."

எவரிஸ்தோ அவள் கையை மூக்குக்குக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "கோதுமை."

"கோதுமையா?"

"பின்னே முத்தா? கோதுமைதான்."

"அப்ப வாயில போட்டுத் தின்னு பாப்போம்."

வீம்புக்குப் பிறந்தவர். வாங்கி வாயில் போட்டார். கடித்தார். கடைவாய்ப் பல்லில் ஒரு சத்தம் கேட்டது. கண்ணில் தண்ணீர் கட்டியது. அப்படியும் மனிதர் இறங்கி வரவில்லை. "கல்லு கிடக்கு. ஒழுங்காப் புடைக்கிறதில்ல நீ. இதைத் தின்னுதான் அவன் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கான்."

"என் தலையிலயா போடுற? நீ சுட்ட ரவைய்யா அது! கூண்டுல பாஞ்சிருக்கு. அடுத்தது அவன் நெஞ்சுல பாயும். உனக்குக் கண்ணு தெரியல."

"எனக்கா? ஈ பறந்தா ஆணா பொண்ணான்னு சொல்லுவேன்."

கண்புரையை எடுக்க நகரத்து ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு வைத்திருந்தாள். பிப்ரவரி தொடக்கத்தில் வருகிற புனித பிளாஸ் திருநாள் அன்றைக்கு வரலாம், விட்டால் இலையுதிர் காலம்தான் என்று போனில் சொன்னார்கள். அவரைக் கேட்காமலே வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். அதைச் சொன்னதும் எவரிஸ்தோ எகிறிக் குதித்தார்.

"வேட்டைப் பருவத்துக்கு நடுவுலயா? நான் வரமாட்டேன். என் கண்ணுல கோளாறு இல்ல. உன் பறவைக்குத்தான் கோளாறு."

பாடினால் "என் பிஷப்". பாடாவிட்டால் "உன் பறவை". ஆம்பிளைகள் பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதும் இந்த லட்சணத்தில்தானே இருக்கிறது.

மறுநாள் மதுக்கடையில் பத்துப் பேர் கேட்க அவர் வாயை விட்டார். சனிக்கிழமை பிஷப்புக்குக் கடைசி வாய்ப்பு. பாடாவிட்டால் அன்று மத்தியானமே மச்சான் தெலெஸ்போரோ எடுத்துக்கொண்டு போகலாம். தெலெஸ்போரோ கசில்தாவின் அண்ணன். பிஷப்பைக் குஞ்சிலிருந்து பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டிருக்கிறவர். கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுவரில் கூண்டு மாட்ட ஓர் ஆணி அடித்தாராம். செய்தி வந்ததும் கசில்தா அந்த ஆணியைப் பார்க்கவே போனாள்.

"ஏண்ணே, பிள்ளை பொறக்கும் முன்னயே பேரு வைக்கிறியா?"

"நான் என்ன செய்ய தங்கச்சி? மாப்ளதான் வாக்குக் குடுத்தாரு. எங்கிட்ட வந்தா அது பாடும். ஏன்னா நான் சுட்டா விழும்."

"அத அவருகிட்டயே சொல்லேன். கண்ணு தெரியல, ஆஸ்பத்திரிக்குப் போன்னு."

"நான் சொன்னா, பறவை மேல ஆசைப்பட்டுச் சொல்றேம்பாரு." தெலெஸ்போரோ ஆணியைத் தடவிக்கொடுத்தார். "அதுவும் பொய்யில்ல."

கசில்தா யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். சனிக்கிழமை பிஷப் பாடாவிட்டால் அண்ணன் வீட்டு ஆணி. பாடினால் காட்டுச் சேவல் வரும். சேவல் வந்தால் இவர் சுடுவார். இவர் சுட்டால் எது விழும் என்று கடவுளுக்கே தெரியாது. சொந்தக் கூண்டுக்காரனைத் தன் கையாலேயே சுட்டவன் என்று அந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் உண்டு. எந்த ஊர் என்று கேட்டால் அவர்கள் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்வார்கள், அவ்வளவு அவமானம். அதைவிட, எட்டு வருஷம் தன் கையில் தின்ற உயிர். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்து தலையை நிமிர்த்தினாள். அலமாரிமேல் கோயில்பிள்ளை ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சனிக்கிழமை விடியும்போது துணி மூடிய கூண்டைக் கொடுத்துப் புருஷனை வழியனுப்பினாள். அவர் தெருமுனை திரும்பியதுமே கோயில்பிள்ளையின் பழைய கூண்டை எடுத்தாள். அதே ஆசாரி செய்த கூண்டு, இரட்டைப் பிள்ளை போல இருக்கும். அதற்குள் கோயில்பிள்ளையை நிறுத்தி, கம்பியால் காலைக் கட்டி, அழுக்குத்துணி மூட்டைக்குள் திணித்துக்கொண்டு, ஓடைக் குறுக்குவழியில் இறங்கினாள். முதலில் உயிர் பிழைக்கட்டும், ஆணிக்கு அப்புறம் வழி பார்க்கலாம் என்பதுதான் அவள் போட்ட திட்டம்.

அவள் போய்ச் சேர்ந்து பெரிய பாறைக்குப் பின்னால், ரோஸ்மேரிப் புதருக்குள் குந்தியபோது எவரிஸ்தோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். மேடைமேல் கூண்டை வைத்தார். துணியை விலக்கினார். "இன்னைக்கு மரியாதையா நடந்துக்க" என்று பிஷப்பிடம் சொன்னார். மறைவுக்குள் உட்காருவதற்கு முன்னால் கருவாலி மரத்தடிக்கு ஒதுங்கினார். அந்த வயதில் ஆம்பிளைகள் ஒதுங்கினால் ஒரு ஜெபமாலையைப் பாதி உருட்டிவிடலாம். கசில்தா அவசரமே படாமல் எழுந்து போய், பிஷப்பை எடுத்துக்கொண்டு, கோயில்பிள்ளையை மேடையில் வைத்து, அவன் இறகில் ஒட்டியிருந்த சிலந்தி நூலையும் துடைத்துவிட்டுத் திரும்பினாள். பிஷப்பின் கூண்டை மூட்டைத்துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

எவரிஸ்தோ மறைவுக்குள் போனார். மலை அமைதியாக இருந்தது. பாதாம் மரங்கள் அப்போதுதான் பூக்க ஆரம்பித்திருந்தன. தூரத்தில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. கோயில்பிள்ளை அவன் வழக்கப்படி ஒன்றும் சொல்லவில்லை.

வெகு நேரம் கழித்து மறைவுக்குள்ளிருந்து குரல் வந்தது. மறைவுக்குள் பேசுகிறவனை எவரிஸ்தோ தன் வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறார்.

"பாடித் தொலையேன்டா."

மேடையில் ஓர் இறகும் அசையவில்லை.

"உனக்கு என்ன குறை வச்சேன்? அரண்மனைக்காரன் மாதிரி வச்சிருந்தேனே. சாயங்காலம் தெலெஸ்போரோ வீட்டு ஆணியில தொங்கும்போது தெரியும்டா உனக்கு." பிறகு கெஞ்சலாக, "ஒரே ஒரு தடவை பாடேன்" என்றார்.

கசில்தா திட்டமெல்லாம் மறந்தாள். அந்தக் கெஞ்சலை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கழுத்துத் துணியைத் தளர்த்தினாள், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினாள், பாடினாள்.

"கச்... கச்... கச்சகச்ச கச்... கச்சகச்ச கச்!"

மடியில் பிஷப் துள்ளினான். இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தி பாடுவதைக் கேட்பது அவனுக்கு ஆகவில்லை. துணிக்கு மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டு அவள் இன்னும் ஏற்றிப் பாடினாள். எட்டு வருஷம் பாத்திரம் கழுவிய அத்தனை நாளையும் தொண்டைக்குக் கொண்டுவந்தாள். எதிர்ச் சரிவிலிருந்து பதில் வந்தது. அவள் திட்டினாள். அது திருப்பித் திட்டியது. கிட்டே வந்தது. கல் மேல் ஏறி நின்றது. இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, சிவந்த காலை ஓங்கி ஓங்கி வைத்துக் கோயில்பிள்ளையின் மேடையைச் சுற்றியது. கோயில்பிள்ளை அசரவில்லை. சேவலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாட்டு வேறு பக்கத்திலிருந்து வருகிறதே என்று நேராக ரோஸ்மேரிப் புதருக்கு நடந்து வந்து, பாறையோரம் நின்று, தலையைச் சாய்த்துக் கசில்தாவைப் பார்த்தது. இவ்வளவு பெரிய எதிரியை அது எதிர்பார்த்திருக்காது. அவளும் பார்த்தாள்.

துப்பாக்கி வெடித்தது.

சேவல் படபடவென்று எழும்பி மலைக்குப் பின்னால் போனது. மேடையிலிருந்து கூண்டு உருண்டது. இறகும் மரத்தூளும் வெயிலில் பறந்து மெதுவாக இறங்கின.

எவரிஸ்தோ துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கூண்டைக் கையால் துழாவினார். உள்ளே விரல் இறகில் பட்டதும் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். மறுபடி பார்க்கத் தைரியம் இல்லை. துணியை இழுத்து மூடிவிட்டு, மண்ணில் மண்டியிட்டார்.

"பிஷப்," என்றார். உரக்கவே பேசினார். "எனக்குக் கண்ணு தெரியலடா. ரெண்டு வருஷமாத் தெரியல. உம்மேல பழியப் போட்டேன். கசில்தா மேலயும் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பயந்துதான்டா சொல்லல. கண்ணுக்குள்ள கத்திய விடுவானாம். திறந்து பாக்கும்போது ஒண்ணுமே தெரியலன்னா? இப்ப மங்கலாவாவது அவ மூஞ்சி தெரியுது. விடிஞ்சதும் அடுக்களையில ஒரு நிழலு ஆடுது, அது அவதான்னு தெரியுது. அதுவும் போச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

பாறைக்குப் பின்னால் கசில்தா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர் ஒரு நாள்கூட இதைத் தன்னிடம் சொல்லவில்லை, செத்துப்போன மரத்தூள் பறவையிடம் சொல்கிறார். எழுந்து போய் நாலு சாத்துச் சாத்திவிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒளிந்திருந்து கேட்டாள் என்று தெரிந்தால் இந்த வீம்புக்காரர் ஜென்மத்துக்கும் மனசைத் திறக்க மாட்டார். அதனால் அவர் பாதாம் மரத்தடியில் கத்தியால் குழி பறிக்க ஆரம்பித்ததும், பிஷப்பைத் தூக்கிக்கொண்டு ஓடை வழியே ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். பிஷப்பைத் தானியம் வைக்கிற உக்கிராண அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

எவரிஸ்தோ துப்பாக்கி மட்டும் தோளில் தொங்க, கூண்டு இல்லாமல் வந்தார். முழங்காலெல்லாம் மண்.

"பிஷப் எங்கய்யா?"

"கழுகு தூக்கிட்டுப் போச்சு."

"கூண்டோடயா?"

"பெரிய கழுகு."

கசில்தா ஒரு பல் பூண்டை உரித்தாள். "ஐயோ பாவம்" என்றாள். அடுத்த பல்லை எடுத்தாள். இன்னும் நாலு கேள்வியாவது வரும் என்று எதிர்பார்த்தவர் போல எவரிஸ்தோ கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு கனல்சட்டி மேஜையில் போய் உட்கார்ந்தார்.

சொன்ன சொல் தவறாமல் மத்தியானம் தெலெஸ்போரோ வந்துவிட்டார். கையில் அவர் பெண்டாட்டி தைத்த புதுக் கூண்டுத்துணி. ஓரத்தில் பூ வேலை வேறு. கசில்தா மூன்று தட்டில், பூண்டோடு வறுத்த ரொட்டித்தூளும் பன்றிக் கொழுப்பும் வைத்தாள். சாப்பாடு முடியட்டும், அப்புறம் பறவைப் பேச்சு என்றாள். எவரிஸ்தோ கரண்டியைத் தொடவில்லை. தெலெஸ்போரோ ஆவலாகச் சுற்றுமுற்றும் பார்த்தபடி சாப்பிட்டார்.

அப்போது பாட்டு கேட்டது.

"கச்... கச்... கச்சகச்ச கச்!"

காலையிலிருந்து அடக்கி வைத்த கோபம் அத்தனையும் அந்தக் குரலில் இருந்தது. உக்கிராண அறையின் கதவே அதிர்ந்த மாதிரி இருந்தது. எவரிஸ்தோவின் முகம் வெளுத்தது. அவர் முதலில் திரும்பிப் பார்த்தது கசில்தாவின் வாயைத்தான். கையால் தடவிக்கூடப் பார்த்தார். அவள் வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா?" என்றார்.

"இது பிஷ..." என்று தெலெஸ்போரோ ஆரம்பித்தார். மேஜைக்கடியில் தங்கச்சியின் கால் அவர் முழங்காலில் இறங்கியது. "இது... என்ன குளிருடா சாமி இந்த வருஷம்" என்று முடித்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றாள் கசில்தா.

மறுபடி பாட்டு. இந்தத் தடவை இன்னும் நீளமாக. எவரிஸ்தோ சிலுவை போட்டுக்கொண்டார். "ஆவி. அவன்தான். என்ன விடமாட்டான்." இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "கழுகு இல்ல கசில்தா. நான்தான். நான்தான் அவனச் சுட்டேன். கண்ணு தெரியாமச் சுட்டுட்டேன். மச்சான், நீயும் கேட்டுக்க, ஊருக்கும் சொல்லு."

தெலெஸ்போரோவின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஆஸ்பத்திரிக்கு வருவியா?" என்றாள் கசில்தா.

"வரேன்."

"பிளாஸ் திருநாளுக்கு. பருவம் நடுவுல."

"வரேன்னு சொல்லுறேன்ல."

"அவன் ஆத்மா மேல ஆணையா?"

"அவன் ஆத்மா மேல ஆணை."

கசில்தா எழுந்து போய் உக்கிராண அறையைத் திறந்தாள். கூண்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். எவரிஸ்தோ தயங்கித் தயங்கி விரலை உள்ளே விட்டார். பிஷப் கொத்தினான். அந்தக் கொத்து அவருக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருஷமாக அதே இடத்தில் தழும்பு. அழுதார். சிரித்தார். வாயில் வந்தபடி கசில்தாவைத் திட்டினார். அவள் நின்று கேட்டுக்கொண்டாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, "அப்ப பாதாம் மரத்தடியில நான் புதைச்சது யாரு?" என்றார்.

தெலெஸ்போரோ அலமாரியைப் பார்த்தார். தூசிக்கு நடுவில் ஒரு சுத்தமான வட்டம் மட்டும் இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். "பாவம் கோயில்பிள்ளை. ஒரு தடவை செத்தது பத்தலையா அவனுக்கு?"

"ஜெபம் வேற சொன்னேன்" என்றார் எவரிஸ்தோ.

அன்று மத்தியானம் அந்த வீட்டில் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது. தெலெஸ்போரோ போகும்போது பூ வேலை போட்ட துணியை விட்டுவிட்டே போனார். அவர் வீட்டு ஆணியில் இப்போது தொப்பி தொங்குகிறது.

ஆபரேஷன் முடிந்தது. கத்தியை விட்டார்களா என்றே அவருக்குத் தெரியவில்லை. மயக்கத்தில் டாக்டரிடம் கவுதாரிக் கதை சொன்னாராம். கட்டு அவிழ்த்து ஊருக்கு வந்த அன்று மருந்துக்கடை வாசலில் கைத்தடியை ஊன்றி நின்றுவிட்டார்.

"கசில்தா. இது அட்டை."

"ஆமா."

"ரெண்டு வருஷமா அட்டையா?"

"எல்லா நாளும் அட்டைதான்யா."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவர் நடந்தார். நாலடி போய்த் திரும்பி வந்து, பழக்க தோஷமோ வீம்போ, அட்டைக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்.

இடது கண்ணையும் வெயில் காலத்தில் முடித்தார்கள். மறு ஜனவரியில், பருவத்தின் முதல் நாள் அவர் கூண்டை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நீயும் வா" என்றார். மறைவுக்குள் பொம்பிளை வந்தால் பறவை பாடாது என்று முப்பது வருஷம் மதுக்கடையில் சொன்ன வாய். கசில்தா எதுவும் கேட்காமல் கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறைவுக்குள் இரண்டு பேருக்கு இடம் போதாது. தோளும் தோளும் இடித்தபடி உட்கார்ந்தார்கள். மேடைமேல் பிஷப் காலை வெயிலைப் பார்த்தான், மூக்கைத் தேய்த்தான், வாயைத் திறக்கவில்லை. போன வருஷத்துக் கோபம் இன்னும் தீரவில்லை போல.

எவரிஸ்தோ அவள் காதோரம் குனிந்தார். "நீ பாடு."

"என்னது?"

"அன்னைக்கு அந்த ரோஸ்மேரிக்குள்ள உக்காந்து பாடுனியே, அதே மாதிரி பாடு."

கசில்தா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது இல்ல. நாப்பது வருஷமாக் கேட்ட தொண்டை. அவன் பாடமாட்டேங்கறான்னு நீ வந்து பாடுற, பைத்தியக்காரின்னு நினைச்சேன். புதர்ப் பக்கம் சுடக்கூடாதுன்னு மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கிட்டேன். அதான் இந்தப் பக்கம் மங்கலாத் தெரிஞ்சதச் சுட்டேன். அவன அடிச்சேன்னு நினைச்சு என் உசிரே போச்சு."

அவள் யோசித்தாள். "அதான் உக்கிராணத்துல பாட்டு கேட்டதும் என் வாயத் தடவுனியா?"

"பின்னே? நீ ரொட்டி தின்னுக்கிட்டிருக்க. அவன் செத்துட்டான். பாடுறது யாரு?"

"அப்ப கழுகுன்னு ஏன்யா சொன்ன? நான் அங்க இருந்ததுதான் தெரியுமே."

"நீ ஏன் நம்புன? கூண்டோட கழுகு தூக்கிச்சுன்னு சொன்னா எந்தப் பொண்டாட்டி ஐயோ பாவம்னு மட்டும் சொல்லுவா? அங்க இருந்தேன், கேட்டேன்னு நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ பூண்டு உரிச்ச."

கசில்தா சால்வை நுனியை முறுக்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்படின்னா அன்னைக்கு மண்டி போட்டுக்கிட்டு நீ பேசுனது?"

"யாருகிட்ட பேசினேன்னு நினைச்ச?" என்றார் எவரிஸ்தோ, மேடையைப் பார்த்தபடியே. "செத்த பறவைகிட்ட யாராவது அவ்வளவு சத்தமாப் பேசுவாங்களா?"

அவள் முழங்கையால் அவர் விலாவில் இடித்தாள். நன்றாக வலிக்கும்படியே இடித்தாள். அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் "ஷ்ஷ், மறைவுல ஆடக்கூடாது" என்றார். கசில்தா கழுத்துத் துணியைத் தளர்த்தினாள்.

"கச்... கச்... கச்சகச்ச கச்!"

பிஷப் வெடுக்கென்று திரும்பினான். மறைவுக்குள் இருப்பது யார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அடுக்களைச் சண்டையைக் காட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாளே என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு பதில் கொடுத்தான். அவள் பாட, அவன் பாட, சரிவிலிருந்து மூன்றாவது குரல் ஒன்று எழுந்து கிட்டே கிட்டே வந்தது. கல் மேல் ஒரு சேவல் ஏறி நின்றது. எவரிஸ்தோ துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

"கூண்டு எந்தப் பக்கம்?" என்று கசில்தா கிசுகிசுத்தாள்.

"இடது."

"சேவல்?"

"வலது. கழுத்து மணியெல்லாம் எண்ணிச் சொல்லவா?"

"நான்?"

எவரிஸ்தோ துப்பாக்கியை இறக்கினார். திரும்பினார். நிதானமாக, புருவத்திலிருந்து மோவாய் வரைக்கும், ஒன்றும் விடாமல் அவளைப் பார்த்தார். கல் மேல் நின்ற சேவல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி நடந்து போய்விட்டது. பிஷப் மேடையிலிருந்து கன்னாபின்னாவென்று ஏசினான்.

"அது போச்சு" என்றாள் கசில்தா.

"போகட்டும். இன்னும் ஆறு வாரம் இருக்கு" என்றார் எவரிஸ்தோ. "நீ பாடு."